பந்தயமும் பட்சபாதமும்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது. அதனைப் பற்றி எழும் வாதமோ அறிவுக்கு உரம் தருவதாதல் வேண்டும். கிரிக்கெட்டுக் களத்தில் இறங்குவார் இருபத்திருவரே. களத்திற்கு வெளியே நின்று வாதிப்பார் எண்ணிறந்தோர். ஆடுவாரை ஆள்வதற்கு விதிகள் உண்டு, நடுவர் உண்டு, மீறினார்க்குத் தண்டமும் உண்டு. வாதிப்பாரை ஆள்வதற்கோ அவரவர் மனச்சான்றையன்றி வேறொன்றும் இல்லை. ஆதலின் ஆட்டத்தினும் வாதமே நம் இயல்பை வெளிப்படையாகக் காட்டுவதாயிருக்கின்றது. 2025ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் ஆகஸ்டு 4 வரை இங்கிலாந்தில் இந்தியக் கோஷ்டி ஆடிய ஐந்து டெஸ்டுப் பந்தயங்களைக் குறித்து நம் விடுதிகளிலும், கோவில்பட்டியின் தேநீர்க் கடைகளிலும், பேருந்து நிலையத்திலும் நிகழ்ந்த வாதங்கள் பல. அவ்வாதங்களை முன்னிட்டு, ஆட்டத்தை நேசிப்பார் எங்ஙனம் தீர்ப்புக் கூறுதல் தகும் என்பதை நம் மாணவ நண்பர்களோடு சிறிது ஆராய விரும்புகின்றோம்.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை யாவரும் அறிவர். 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் வெண்கலம் பெற்ற இந்தியக் கோஷ்டியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இவ்வூரினர். அவரோடு ஆடிய கார்த்தி செல்வம் இவ்வூரில் தங்கிப் பயிற்சி பெற்றவர். தீப்பெட்டியாலும் கடலைமிட்டாயாலும் அறியப்பட்ட இக்கரிசற் பட்டணத்தில், பள்ளிச் சிறுவரும் ஹாக்கிக் கட்டையைக் கையிலேந்தி நடப்பதை இன்றும் காணலாம். எனினும் அவ்வாண்டு கோடையிறுதியில் ஊர் முழுதும் பேசப்பட்டது கிரிக்கெட்டே. பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணியளவும் நடந்த அவ்வாட்டத்தைக் கைபேசியிலே கண்டு, மறுநாட் காலையில் அதனைப் பற்றித் தர்க்கித்து, பிற்பகலில் மீண்டும் காணப் புகுந்தோர் பலர். ஹாக்கியாட்டம் ஒரு மணி நேரத்தில் முடிவது. டெஸ்டுப் பந்தயமோ ஐந்து நாள் நீள்வது. அவ்வளவு நீண்ட ஆட்டம் வாதத்திற்கு இடந்தருதல் இயல்பேயாம்.

ஆயினும் இவ்விரு கூட்டத்தாரிடையே ஒரு வேற்றுமையைக் கண்டோம். ஹாக்கியைப் பற்றிப் பேசும் இவ்வூர்ப் பெரியோர் பெரும்பாலார் தாமே கட்டை பிடித்து ஆடியவர். ஓடிவரும் பந்தைத் தடுப்பதன் அருமையைக் கை அறியுமாதலின், தவறியவனை அவர் எளிதில் இகழார். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவாருள் பலர் தோற்பந்தைக் கையாலும் தொட்டறியாதவர். பிழையின் அருமையும் அறியாது திறத்தின் அருமையும் அறியாது தீர்ப்புரைப்பதில் மட்டும் அவர் முந்துகின்றனர். இக்குறைக்கு மருந்து, நடந்தது யாது என்பதை முதலில் ஐயந்திரிபற அறிதலே. ஆதலின் ஐந்து பந்தயங்களின் வரலாற்றையும் சுருங்கச் சொல்லி அப்பால் செல்வோம்.

முதற் பந்தயம் லீட்ஸ் நகரத்தில் நடந்தது. இந்தியர் 471, 364 என ஓட்டங்கள் எடுத்தனர். ஜெய்ஸ்வால், சுப்மன் கில், ராகுல் ஆகியோர் ஒவ்வொரு சதமும், ரிஷப் பந்த் இரண்டு சதங்களும் அடித்தனர். ஒரே பந்தயத்தில் ஐந்து சதங்கள் எடுத்தும் தோற்ற கோஷ்டி டெஸ்டு வரலாற்றில் அதற்குமுன் இல்லை. முதலாட்டத்தில் கடைசி ஏழு விக்கெட்டுகள் 41 ஓட்டங்களுக்கும், இரண்டாமாட்டத்தில் கடைசி ஆறு விக்கெட்டுகள் 31 ஓட்டங்களுக்கும் வீழ்ந்தன. பிடிக்க வேண்டிய பந்துகள் பல கைநழுவின. 371 ஓட்டங்களை நாடிய இங்கிலாந்து, டக்கெட்டின் 149 துணையாக, ஐந்து விக்கெட்டுகள் எஞ்ச வென்றது. இரண்டாம் பந்தயம் பர்மிங்காமில். தலைவர் கில் 269, 161 என இருமுறையும் பேராட்டம் ஆடினார். ஆகாஷ் தீப் பத்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். 336 ஓட்டங்களில் இந்தியா வென்றது. எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் இந்தியர் பெற்ற முதல் வெற்றி அஃதே.

மூன்றாம் பந்தயம் லார்ட்ஸில். முதலாட்டத்தில் இரு கோஷ்டியாரும் சரியாக 387 ஓட்டங்களே எடுத்தனர். வாஷிங்டன் சுந்தர் 22 ஓட்டங்களுக்கு நால்வரை வீழ்த்த, இங்கிலாந்து 192-இல் அடங்கியது. 193 வேண்டிய இந்தியர் 170-இல் வீழ்ந்தனர். ஜடேஜா 181 பந்துகளைத் தாங்கி 61 ஓட்டங்களோடு வீழாது நின்றார். விரல் முறிந்த பஷீர் எறிந்த பந்தைச் சிராஜ் செவ்வையாகத் தடுத்தும், அப்பந்து உருண்டு சென்று ஸ்டம்பைத் தொட்டு ஆட்டத்தை முடித்துவிட்டது. தோல்வி 22 ஓட்டங்களில். நான்காம் பந்தயம் மான்செஸ்டரில். இங்கிலாந்து 669 ஓட்டங்கள் குவித்தது. 311 ஓட்டங்கள் பின்தங்கிய இந்தியர், இரண்டாமாட்டத்தின் முதல் ஓவரிலேயே ஓட்டம் ஒன்றும் எடாமல் இரண்டு விக்கெட்டுகளை இழந்தனர்; அதன்பின் 143 ஓவர்கள் நின்று, 4 விக்கெட்டுக்கு 425 எடுத்துத் தோல்வியைத் தவிர்த்தனர். ஐந்தாம் பந்தயம் லண்டனில் ஓவல் மைதானத்தில். 374 வேண்டிய இங்கிலாந்து 367-இல் வீழ, ஆறே ஓட்டங்களில் இந்தியா வென்றது. ஐந்து பந்தயங்களும் ஐந்தாம் நாளளவும் சென்றன. தொடர் இரண்டுக்கு இரண்டு எனச் சமனாயிற்று.

இனி வாதங்களுக்கு வருவோம். முதலாவது, லார்ட்ஸ் மைதானத்தின் மூன்றாம் நாள் மாலை நிகழ்ந்தது. நாள் முடியச் சில நிமிடங்களே இருக்க, இங்கிலாந்தின் கிராலி ஏதேதோ காரணங்காட்டிப் பந்தை எதிர்கொள்வதைத் தாமதித்து, ஒரே ஓவரோடு அந்நாளைக் கழித்தார். கில் வெகுண்டு அவரோடு நேருக்கு நேர் நின்று சொல்லாடினார். நம் நண்பர்கள் கிராலியை வஞ்சகர் என்றனர். முந்திய நாள் ஆட்டத்தினிடையே கில்லும் தரையிற் படுத்து உடம்பு பிடித்துவிடச் செய்துகொண்டதை இங்கிலாந்தின் பயிற்சியாளருள் ஒருவர் எடுத்துக்காட்டியபோது, அது வேறு, இது வேறு என்றனர். வேறாகவே இருக்கலாம், ஆயினும் வேறென்று கூறுமுன் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? மலைப்பிரசங்கத்தில் கூறப்பட்ட துரும்பையும் உத்திரத்தையும் ஞாயிறுதோறும் கேட்கின்றோம். திங்கட்கிழமை ஆட்டம் தொடங்கியதும் மறக்கின்றோம். அப்பந்தயத்தில் ஓவர்களைக் காலத்தில் எறிந்து முடிக்காமைக்காக இங்கிலாந்துக் கோஷ்டிக்குச் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு தண்டமும், உலக டெஸ்டுப் போட்டிக் கணக்கில் இரண்டு புள்ளிக் குறைவும் விதிக்கப்பட்டன. குற்றத்தை அளந்து தண்டிக்க ஓர் அமைப்பு இருக்கின்றது. நாம் அளவின்றித் தண்டிக்கப் புகுதல் எற்றுக்கு?

இரண்டாவது, மான்செஸ்டரில் கைகுலுக்க மறுத்த விவகாரம். கடைசி நாளின் கடைசி மணியில், இனி எவரும் வெல்லார் என்பது தெளிவாயிற்று. இங்கிலாந்துத் தலைவர் ஸ்டோக்ஸ் ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் எனக் கை நீட்டினார். அப்போது ஜடேஜா 89, சுந்தர் 80. இந்தியர் இசையவில்லை. ஆட்டம் தொடர்ந்தது, இங்கிலாந்தார் முறையான பந்தெறிபவரை விடுத்து, புரூக்கைக் கொண்டு எளிய பந்துகளை எறிவித்தனர், ஏளனச் சொற்களும் எழுந்தன. இருவரும் சதம் எட்டிய பின்னரே கைகள் குலுங்கின. சுந்தருக்கு டெஸ்டில் அது முதற் சதம்.

இங்கிலாந்தின் பக்கம் கூறத்தக்கது உண்டு. ஒரே ஆட்டத்தில் 143 ஓவர்கள் களத்தில் நின்று களைத்தவர் அவர். இடையில் மூன்றே நாள் விட்டு அடுத்த பந்தயம் தொடங்க இருந்தது. பயனற்ற ஓவர்களில் பந்தெறிவோர் காயமுறின் அதற்கு ஈடு யார்? இந்தியரின் பக்கமும் கூறத்தக்கது உண்டு. இரு தலைவரும் இசைந்தாலன்றி அவ்வேளையில் ஆட்டம் முடியாது என்பது விதி. விக்கெட்டு இழவாது 203 ஓட்டங்கள் சேர்த்துப் பந்தயத்தைக் காத்த இருவர், தம் உழைப்பின் பலனைக் கைக்கொள்ளுமுன் எழுந்து போகக் கடமைப்பட்டவர் அல்லர். எம் கருத்தில், கேட்டதும் தவறன்று, மறுத்ததும் தவறன்று. மறுத்தபின் எழுந்த ஏளனமே தவறு. இம்முடிபை ஏலாதார் இருக்கலாம். அவரை ஒன்று கேட்போம்: கை நீட்டியவர் கில்லாகவும், 89-இல் நின்றவர் ஜோ ரூட்டாகவும் இருந்திருப்பின் உங்கள் தீர்ப்பு இதுவேயாகுமோ? ஆகுமெனின் அது தீர்ப்பு. ஆகாதெனின் அது பட்சபாதம். இவ்வாறு இடம்மாற்றிப் பார்த்தலே விளையாட்டு வாதத்திற்கு உரைகல் என்க.

இவ்வுரைகல்லின் பயனை அத்தொடரே விளக்கிற்று. மான்செஸ்டரின் முதல் நாளில் வோக்ஸ் எறிந்த பந்து பட்டு ரிஷப் பந்தின் வலக்கால் முறிந்தது. முறிந்த காலோடு மறுநாள் இறங்கி அவர் தம் ஓட்டங்களை 54 ஆக்கினார். காயமுற்றவனுக்கு மாற்றாள் அனுமதித்தல் வேண்டுமென்று இந்தியப் பயிற்சியாளர் கம்பீர் கூறினார். கூடாதென்று ஸ்டோக்ஸ் மறுத்தார். எட்டு நாள் கழித்து, ஓவலின் முதல் நாளில், அந்த வோக்ஸே பந்தைத் தடுக்கப் பாய்ந்து தோள் விலகிக் களம் நீங்கினார். இங்கிலாந்து ஒரு பந்தெறிபவர் குறைந்தே ஆட நேர்ந்தது. நம் தேநீர்க் கடைகளில் முன்னம் விதி மாறவேண்டும் என்றார் பலர், இப்போது விதி விதியே என்றனர். விதி மாறவேண்டுமா என்பது நல்லதொரு வினா. பொய்க்காயம் காட்டி ஏமாற்றுவார் உளராதலின் இரு பக்கமும் நியாயம் உண்டு. நேற்று நமக்கு வேண்டியது, இன்று அவர்க்கு வேண்டாதது என்போர் அவ்வினாவைத் தொடவேயில்லை.

மூன்றாவது, தமிழ்நாட்டு ஆட்டக்காரரைப் பற்றிய வாதம். சுந்தரும் சாய் சுதர்சனும் சென்னையிற் பிறந்தவர். சுந்தர் நான்கு பந்தயங்களில் ஆடி 284 ஓட்டங்களும் ஏழு விக்கெட்டுகளும் பெற்றார். ஓவலில் கடைசித் துணையோடு நின்று விரைந்தடித்த அவரது 53 ஓட்டங்கள் இல்லையேல், ஆறு ஓட்ட வெற்றி என்பதே இல்லை. சாய் சுதர்சன் மூன்று பந்தயங்களில் 140 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் 61 ஒன்றே அரைச்சதம். முன்னவரைத் தமிழர் என்று கொண்டாடியோர், பின்னவர் இரண்டாம் பந்தயத்தில் நீக்கப்பட்டதை வடவரின் வஞ்சம் என்றனர். நம் ஊரானிடத்து அன்பு கொள்ளல் இயல்பு. அதனை எவரும் பழியார். ஆனால் நீக்கத்திற்குக் காரணம் காண்பார், அவ்விடத்தில் ஆடியவர் யாது செய்தார் என்பதையும் காணல் வேண்டும். சுதர்சன் நீங்கிய பந்தயத்தில் சுந்தர் சேர்ந்தார் என்பதை மறந்து மாகாண வஞ்சம் பேசுதல் எங்ஙனம் பொருந்தும்? உத்தரப் பிரதேசத்துக் குல்தீப் யாதவ் ஐந்து பந்தயங்களில் ஒன்றிலேனும் ஆடவில்லை. அவரைக் குறித்து வாதித்தார் நம்மிடையே சிலரே. அநீதியைக் கண்டு கொதித்தார் என்னின், அங்கும் கொதித்திருப்பர் அன்றோ?

இவை யாவினும் பெரிய வாதம் ஒன்று உண்டு. அது ஓவலின் கடைசி இரு நாட்களைப் பற்றியது. நான்காம் நாள், புரூக் 19 ஓட்டங்களில் இருந்தபோது உயர அடித்த பந்தை எல்லையருகே நின்ற சிராஜ் பிடித்தார். பிடித்தவர் ஓரடி பின்வைக்க, அக்கால் எல்லைக் கோட்டின்மேற் பட்டது. விக்கெட்டு ஆகவேண்டியது ஆறு ஓட்டங்களாயிற்று. புரூக் 111 எடுத்தார். ரூட்டோடு சேர்ந்து 195 ஓட்டங்கள் கூட்டினார். ரூட் 105 எடுத்தார். அன்றிரவு நம் விடுதியில் சிராஜைப் பற்றி எழுந்த சொற்களை இங்கு எழுதுதல் தகாது. ஐந்தாம் நாள் விடிந்தபோது இங்கிலாந்துக்கு வேண்டியவை 35 ஓட்டங்கள். எஞ்சியவை நான்கு விக்கெட்டுகள். முதலிரு பந்துகளும் எல்லை கடந்தன. பின்னர்ச் சிராஜ் இருவரை வீழ்த்தினார். பிரசித் கிருஷ்ணா ஒருவரை வீழ்த்தினார். விலகிய தோளைத் துணியாற் கட்டி, ஒரு கையோடு வோக்ஸ் களம் இறங்கினார்; அவர் ஒரு பந்தையும் எதிர்கொள்ளும் முன்னரே, சிராஜ் எறிந்த பந்தில் அட்கின்சனின் ஸ்டம்பு பெயர்ந்தது. ஐந்து பந்தயங்களிலும் ஆடி, 185 ஓவர்களுக்கு மேல் எறிந்து, 23 விக்கெட்டுகள் வீழ்த்தி, இரு கோஷ்டியிலும் முதல்வராய் நின்றார் சிராஜ். முந்திய இரவில் அவரை இகழ்ந்த நாவுகளே அன்று புகழ்ந்தன.

இதனைக் கண்டு மகிழ்ச்சியினூடே ஓர் அச்சமும் கொண்டோம். அட்கின்சன் முன்னொரு பந்தை அடித்து எல்லை கடத்தினார்; அது எல்லையில் நின்றார் கையிற் சிறிது பட்டே ஆறு ஓட்டமாயிற்று. அதுபோல் இன்னும் ஒன்று பறந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? சிராஜ் எறிந்த 185 ஓவர்களும் அவையேதாம். அவர் உழைப்பும் அதுவேதான். ஆயினும் அவர் பெயர் கோட்டை மிதித்தவர் என்றே நின்றிருக்கும். அவ்வாறாயின் நாம் மதிப்பிட்டது அவரையன்று, ஆறு ஓட்டங்களையே. ஒருவனுடைய பண்பையும் உழைப்பையும் முடிவு என்னும் ஒரே முழத்தால் அளத்தல், கல்வி கற்றார்க்கு அழகன்று.

கரிசற் காட்டில் பிறந்த நம் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆவணி, புரட்டாசியில் உழுது, மழைக்கு முன்னரே புழுதியில் உளுந்தும் பாசியும் சோளமும் பருத்தியும் விதைக்கும் மானாவாரிக் குடியானவன், உழைப்பு வேறு, விளைவு வேறு என்பதை ஏட்டால் அன்றி வாழ்வால் அறிந்தவன். ஐப்பசியில் மழை தவறினும் இழப்பு. கதிர் முற்றும் மார்கழியில் மழை மிகினும் இழப்பு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்திற் பெய்த பெருமழையை நாம் மறந்திலோம். காலத்தில் உழுது, காலத்தில் விதைத்து, களையும் பறித்தவர் வயல்கள் அவ்விரு நாளில் நீரில் அழுகின. அவர்களை எவரேனும் விவசாயம் அறியாதவர் என்றனரோ? நம் தந்தையர்க்கு வழங்கும் இந்நீதியைப் பந்தெறிவானுக்கு வழங்க மறுப்பது ஏன்? காட்டைப் பார்த்து, உழவைப் பார்த்து, விதைத்த நாளைப் பார்த்து மதிப்பிடும் அக்கண்ணே ஆட்டத்தை மதிப்பிடவும் வேண்டும்.

பும்ராவைப் பற்றிய வாதமும் இவ்வினத்ததே. முதுகு நோவின் பொருட்டு அவர் மூன்று பந்தயங்களில் மட்டும் ஆடுவார் என்பது முன்னரே தீர்மானம். அவர் ஆடிய மூன்றில் இந்தியா இரண்டில் தோற்று ஒன்றைச் சமன் செய்தது. ஆடாத இரண்டிலும் வென்றது. ஆதலின் அவர் இல்லாமையே நன்று என்பாரும் தோன்றினர்! அம்மூன்றில் அவர் வீழ்த்தியவை 14 விக்கெட்டுகள். லார்ட்ஸின் முதலாட்டத்தில் மட்டும் ஐந்து. எண்ணைக் கூட்டத் தெரிந்து, காரணத்தை ஆராயத் தெரியாதார் கணக்கு இது. தர்க்க வகுப்பில் இத்தகைய முடிபை எழுதும் மாணவன் மதிப்பெண் இழப்பான். தேநீர்க் கடையில் அவனே வெற்றி பெறுகின்றான்.

இவை வெறும் பொழுதுபோக்குப் பேச்சே, இவற்றை இத்துணை பெரிதாக்குவது எதற்கு எனின், கூறுதும். தீர்ப்பைத் தோல்விவழி விடுபவர், தோல்வி நேர்ந்தவிடத்துக் குற்றவாளி ஒருவனைத் தேடுவர். தேடியவர், அவனுடைய பிறப்பையும் சமயத்தையும் பற்றிப் பேசத் தொடங்குவர். 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா இருபது ஓவர் ஆட்டமொன்றில் தோற்றபோது, முகமது ஷமியின் சமயத்தைச் சுட்டி இணையவழியே இழிமொழிகள் பொழியப்பட்டன. தலைவர் விராட் கோலி வெளிப்படையாக எழுந்து அவரைக் காத்துப் பேசினார். 2022 செப்டம்பரில் ஒரு பந்தைத் தவறவிட்ட அர்ஷ்தீப் சிங்கிற்கும் அவ்வாறே நேர்ந்தது. இது நம் நாட்டுக்கே உரிய நோயும் அன்று. 2021 ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்து இறுதிப் பந்தயத்தில் இங்கிலாந்தின் பொருட்டுப் பந்துதைத்துத் தவறிய கறுப்பு இளைஞர் மூவர் தம் நாட்டாராலேயே நிறம் சுட்டி இகழப்பட்டனர். ஓவலில் அந்த ஆறு ஓட்டங்கள் மறுபுறம் போயிருப்பின், சிராஜுக்கு யாது நேர்ந்திருக்கும் என எண்ணவும் நெஞ்சம் கூசுகின்றது. தேநீர்க் கடைச் சொல் சிறியதே. அது கைபேசியில் ஏறியதும் பல்லாயிரவர் சொல்லாகி ஒருவன் வீட்டு வாயிலை அடைகின்றது.

இதற்கு மாறாய் நம் நாட்டிலேயே ஒரு நாள் இருந்தது. 1999 ஜனவரி 31ஆம் நாள், சென்னைச் சேப்பாக்கத்தில், பாகிஸ்தானை எதிர்த்து இந்தியாவுக்கு வேண்டியவை 271 ஓட்டங்கள். முதுகு நோவோடு டெண்டுல்கர் 136 எடுத்தார். அவர் வீழ்ந்தபோது வேண்டியவை 17 ஓட்டங்களே. கையில் மூன்று விக்கெட்டுகள் இருந்தன. அம்மூன்றும் 4 ஓட்டங்களுள் வீழ, 12 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. இரு நாட்டுக்கும் பகை முற்றியிருந்த காலம். பாகிஸ்தான் கோஷ்டி இந்தியாவில் டெஸ்டு ஆடிப் பன்னீராண்டு ஆகியிருந்தது. வரலாகாதென்று டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டியவரும் உண்டு. அத்தகைய நாளில், நெஞ்சு உடைந்த சேப்பாக்கத்தார் எழுந்து நின்று கைதட்டினர். வசீம் அக்ரமும் அவர் கோஷ்டியும் அக்கரவொலியினூடே மைதானத்தை வலம் வந்தனர். அதே ஆண்டு பிப்ரவரியில் அதே கோஷ்டி கல்கத்தாவில் ஆடியபோது, கலகம் மூண்டு, பார்வையாளரை வெளியேற்றிய பின்னரே ஆட்டம் முடிந்தது. இதனைக் கூறுவது ஊருக்கு ஊர் உயர்வு தாழ்வு கற்பிக்கவன்று. சேப்பாக்கத்தின் புகழ் அன்று எழுந்து நின்றார்க்கு உரியது. நமக்கு அது பிதுரார்ஜிதம் ஆகாது. நாமும் எழுந்து நின்றாலன்றி அதனைப் பேசிப் பெருமை கொள்ள உரிமை இல்லை.

பட்சமில்லாது பார்த்தால் ஆட்டத்தில் சுவையேது என்று சில நண்பர் வினவுவர். பட்சம் வேண்டாவென்று யாம் கூறவில்லை. இந்தியா வெல்லவேண்டும் என்ற ஆவல் எமக்கும் உண்டு; ஓவலின் கடைசி விக்கெட்டு விழுந்தபோது யாமும் ஆரவாரித்தோம். பட்சம் ஆசையில் இருக்கலாம், தீர்ப்பில் இருத்தலாகாது. யார் வெல்லவேண்டும் என்பதில் நெஞ்சம் சாயட்டும். யார் நன்கு ஆடினார் என்பதில் அறிவு சாயாதிருக்கட்டும். வள்ளுவர் நடுவுநிலைமையைத் தனி அதிகாரமாக வகுத்தது, பகையும் நட்பும் உள்ள உலகத்தார் பொருட்டே. அன்றியும், சுவை குறையும் என்பதும் மெய்யன்று. துணியிற் கட்டிய கையோடு படியிறங்கி வந்த வோக்ஸைப் பகைவன் என்று மட்டும் கண்டவன், அத்தொடரின் உயர்ந்த காட்சி ஒன்றை இழந்தவனாவான்.

ஆதலின் நம் கல்லூரி விடுதிகளில் நான்கு வழக்கங்களைக் கைக்கொள்ளலாம் என எண்ணுகின்றோம். ஒன்று: வாதிப்பவர் தம் பக்கத்தைக் கூறுமுன், மறுபக்கத்தார் ஏற்கும் வண்ணம் அவர் பக்கத்தைக் கூறிக் காட்டுதல். இரண்டு: எண்களைக் கூறுமுன் சரிபார்த்தல், நினைவை நம்பி எண் கூறுவோர் தம் ஆசையையே கூறுவர். மூன்று: ஆட்டக்காரனுடைய சாதி, சமயம், மாகாணம், நிறம் இவற்றைக் குற்றத்திற்குக் காரணமாக ஒருபோதும் நாவில் எடாமை, எடுப்பவரை அவ்விடத்திலேயே நண்பர்கள் தடுத்தல். நான்கு: முடிவு தெரியுமுன் தம் தீர்ப்பை எழுதி வைத்து, முடிவு தெரிந்தபின் எடுத்துப் பார்த்தல். இந்நான்காவது மிக எளிது. மிகவும் நாணத் தருவதும் அதுவே. முதலாண்டு மாணவர் இதனைச் செய்து பார்த்தால், வரலாற்று வகுப்பிலும் தேர்தற் காலத்திலும் அதன் பயனை உணர்வர். நாளை இவர்களுள் சிலர் ஆசிரியராகி விடைத்தாள் திருத்துவர்; சிலர் வழக்கறிஞராவர்; சிலர் ஊராட்சிகளில் அமர்ந்து வாய்க்காலுக்கும் வண்டிப்பாதைக்கும் நியாயம் உரைப்பர். ஆட்டத்தில் பழகாத நடுவுநிலைமை அங்கே திடீரென வந்து வாய்ப்பதன்று.

இன்னும் பல தொடர்கள் வரும்; கோவில்பட்டித் தேநீர்க் கடைகளில் இன்னும் பல மாலைகள் வாதத்தில் கழியும். கழியட்டும், வாதம் ஒழிக என்பார் எவரோடும் யாம் சேரோம். மறுமுறை ஒருவன் பந்தைத் தவறவிடும்போது, அவன் அன்று காலை முதல் எத்தனை ஓவர் எறிந்திருந்தான் என்று நம் மாணவருள் ஒருவரேனும் கேட்பாராயின், இதனை எழுதிய பயனைப் பெற்றோமாவோம்.